மாமியாருக்கு 11, மருமகளுக்கு 21

"என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டேன்.

"வேலையா? சும்மாதான் இருக்கேன் டீச்சர்" என்றார் அந்த மருமகள்.

சொல்லும்போது அவர் மடியில் சுளகு இருந்தது. சுளகில் வெட்டிய இலைகள், ஓரத்தில் குவித்த தூள். கண் என் படிவத்தின் மேல் இருக்க, விரல்கள் பாட்டுக்கு ஒரு இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த இலைக்குப் போய்விட்டன. நான் படிவத்தில் 92 என்று எழுதினேன். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று அர்த்தம். அவர் வாயால் சொன்னதைத்தானே எழுத வேண்டும் என்பது அன்றைய என் நியாயம்.

2014 கோடை விடுமுறை. ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருடம் முடித்திருந்தேன். ஒரு ஆய்வுக் குழுவுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை, ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. யோசித்துப் பார்த்தால் நானும் துண்டுக் கூலிக்காரிதான். சாயங்காலம் லாட்ஜில் உட்கார்ந்து மேற்பார்வையாளர் ஒவ்வொரு படிவமாகப் புரட்டுவார். இந்தப் படிவத்தில் நிறுத்தினார்.

"இந்த வீட்டுல பீடி சுத்தலையா?"

"சுத்துறாங்க சார். நான் பாத்தேனே."

"அப்ப 92 எங்கேருந்து வந்துச்சு?"

மறுநாள் திரும்பப் போனேன். இந்த முறை "வேலை" என்ற சொல்லையே எடுக்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். முழுக் கதையும் வந்தது. பீடிக்கடையில் பாஸ் மாமியார் பெயரில். இலையும் தூளும் அவர் கணக்கில்தான் தருவார்கள். பி.எஃப். பிடித்தமும் அவர் பெயரில். ஆனால் அவருக்குக் கண் மங்கிவிட்டது, நாளைக்கு 200 சுற்றினால் பெரிய விஷயம். மருமகள் 600, 700 சுற்றுவார். ப்ளஸ் டூ படிக்கும் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு நூறு, நூற்றைம்பது. எல்லாம் ஒரே பெட்டியில் போய் மாமியார் பெயரில் கணக்காகும், கூலியும் அவர் கைக்கு வரும்.

இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு முறைப்படி அந்த வீட்டுக்குக் கோட் போட்டால் என்ன வரும்? மாமியாருக்கு 11, அதாவது சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர். மருமகளுக்கு 21, சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் கைகொடுப்பவர். பேத்திக்கு முதன்மை நிலை 91, மாணவி. ஆனால் வருடத்தில் 30 நாளோ அதற்கு மேலோ பீடி சுற்றியிருந்தால் துணை நிலையில் அவருக்கும் ஒரு 21. முதல் நாள் என் படிவப்படி அந்த வீட்டில் வேலை பார்க்கும் பெண் ஒருவர். இரண்டாம் நாள் மூவர். நடுவில் மாறியது என் கேள்வி மட்டும்தான்.

மாமியாருக்கு ஏன் 11 என்பது எனக்கு அப்போது நெருடியது. இலை கடைக்காரருடையது, தூள் கடைக்காரருடையது, எத்தனை பீடி கழிவு என்று தள்ளுபவரும் அவரே. இவர் என்ன சுயதொழில் செய்கிறார்? ஆனால் கணக்கெடுப்பின் கையேடு அப்படித்தான் சொல்கிறது. பொருளை வாங்கிவந்து தன் வீட்டிலிருந்து துண்டுக் கூலிக்குச் செய்பவர்கள் சுயதொழில் வகையில் சேர்வார்கள். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமோ வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றிருந்தது. சட்டத்தில் தொழிலாளி, புள்ளிவிவரத்தில் தொழில்முனைவோர். இந்த முரண் பிற்பாடு என்னை நன்றாகக் கவிழ்த்தது. அதற்கு வருகிறேன்.

அடுத்த சில வருடங்களில் களத்தை விட்டுக் கணினிக்கு முன்னால் வந்துவிட்டேன். 2017 ஏப்ரலில் பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு தொடங்கியது. அதற்கு முன்பு, 1972-73 முதல் 2011-12 வரை, வேலைவாய்ப்பு பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் நடந்தது. இப்போது வருடா வருடம். பெயர், முகவரி நீக்கிய ஆள்வாரித் தரவை அரசுத் தளத்தில் பதிவு செய்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இது எவ்வளவு பெரிய கொடை என்பது, வெளிநாட்டில் தரவுக்கு அலைந்த நண்பர்களிடம் கேட்டால் தெரியும்.

இறக்கினால் வருவது ஒரு எழுத்துக் கோப்பு. இடைவெளி, காற்புள்ளி எதுவும் இல்லாமல் ஒரு வரி முழுக்க எண்களாக ஓடும். எத்தனையாவது இடத்திலிருந்து எத்தனையாவது இடம் வரை வயது, எது கல்வி என்று தனியாக ஒரு பட்டியல் தருவார்கள். நான் ஒரு இடத்தில் ஒரு எழுத்துத் தள்ளி வெட்டிவிட்டேன். 47 வயதுக்காரருக்கு 4 வயது, அடுத்த பத்தியின் முதல் எழுத்து 7. ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள் லட்சக்கணக்கில் மேல்நிலைப் படிப்பு முடித்திருந்தார்கள். இப்படிப் பல்லிளிக்கும் தப்பு நல்லது. பல்லைக் காட்டாத தப்புதான் ஆபத்து.

அப்படி ஒன்று. மாதிரியில் உள்ள ஒரு வீடு நாட்டில் எத்தனை வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு எடை என்று பெயர். முதல் வாரம் நான் அந்த எடை போடாமலேயே சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாதிரி என்பது நாட்டின் சின்ன நகல் என்ற நினைப்பு. 2017-18 கணக்கெடுப்பில் 1,02,113 வீடுகள். அதில் நகரத்து வீடுகள் 46,005. நூற்றுக்கு 45 வீடு நகரத்தில். நாட்டு மக்கள்தொகையில் நகரத்தின் பங்கு அந்த அளவுக்கு இல்லை. நகரத்துக்கும் நம்பகமான எண் தனியாக வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். அதுமட்டுமா, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து வீடுகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இத்தனை என்று தேர்வு செய்கிறார்கள். எடை போடாமல் எண்ணினால் படித்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் இருக்க வேண்டியதை விட அதிகமாகத் தெரிவார்கள். அட்டவணை பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், எங்கேயும் இடிக்காது.

சரி, எடை போடலாம் என்று, எடை இருக்கும் மல்டிப்ளையர் பத்தியை அப்படியே பெருக்கினேன். தலை சுற்றும் எண் வந்தது. கடைசி இரண்டு இலக்கமும் தசமம், 100-ஆல் வகுக்க வேண்டும் என்று கையேட்டின் ஒரு மூலையில் இருந்தது. வகுத்தேன். இந்திய மக்கள்தொகை உண்மையைப் போலப் பல மடங்காக வந்து நின்றது. ஒவ்வொரு காலாண்டின் எடையும் தனித்தனியாக நாடு முழுவதையும் குறிக்கிறது. நான்கு காலாண்டையும் சேர்த்து வருடக் கணக்கு எடுக்கும்போது மறுபடி 4-ஆல் வகுக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு நிபந்தனை: என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் 100-ஆல், இல்லாவிட்டால் 200-ஆல்.

இந்த 200 எதற்கு என்று பலரும் கேட்காமலே பார்முலாவை ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அதன் பின்கதை பிடிக்கும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை 1950-இல் வடிவமைத்த மஹலநோபிஸ், அதற்கு முன்பே வங்காளத்தில் சணல் பயிர்க் கணக்கு எடுக்கும்போது ஒரு உத்தி செய்தார். ஒரே பகுதிக்கு ஒரு மாதிரியை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு குழுக்களிடம் கொடுத்துவிடுவது. இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே விடை கொண்டுவந்தால் சரி. ரொம்ப விலகினால் யாரோ மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், அல்லது மாதிரி பத்தவில்லை. அந்த இரண்டு பாதி மாதிரிகளின் தடம்தான் என்.எஸ்.எஸ்.-உம் என்.எஸ்.சி.-யும். இரண்டு பாதியும் இருந்தால் சராசரி எடுக்க 2-ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான் 200. இன்றும் என் எண் மேல் எனக்கே சந்தேகம் வந்தால் இரண்டு பாதியிலும் தனித்தனியாக அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். நுணுக்கமான பிழைவீச்சுக் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் இது போதும்.

எல்லாம் சரியாக வகுத்த பிறகும் மக்கள்தொகை உண்மையை விடக் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பதறி இன்னொரு வகுத்தலைத் தேட வேண்டாம். இந்தக் கணக்கெடுப்பிலிருந்து விகிதங்களை எடுத்து, தலைக்கணக்கு வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணிப்போடு பெருக்குவதுதான் வழக்கம்.

இப்போது நான் கவிழ்ந்த கதை. பீடி சுற்றும் பெண்களுக்கு எத்தனை பேருக்கு பி.எஃப். உண்டு என்று ஒரு அறிக்கைக்காகக் கேட்டார்கள். எனக்குக் களம் தெரியும் என்ற மிதப்பு வேறு. தொழில் கோட் 12-இல் தொடங்கினால் புகையிலைப் பொருள் உற்பத்தி. அதில் பெண்களை வடிகட்டி, சமூகப் பாதுகாப்புப் பத்தியை அட்டவணை போட்டேன். சொற்பம். பெரும்பாலோர் வெற்று. "பீடித் தொழிலில் பி.எஃப். ஏறக்குறைய இல்லை" என்று ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பிவிட்டேன்.

படித்த ஒரு தொழிற்சங்க அண்ணன் போனில் சிரித்தார். "ஏம்மா, எங்க ஊர்ல பொம்பளைங்க சண்டை போடுறதே பாஸுக்கும் பி.எஃப்.புக்கும்தான். நீ இல்லவே இல்லைங்கிற?"

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வேலை ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா, சமூகப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விகள் மாதச் சம்பளக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் மட்டும். 11, 21 என்று கோட் விழுந்தவர்களிடம் அந்தக் கேள்வியே போகாது. ஆலங்குளத்து மாமியாரிடம் பி.எஃப். இருந்தது; கேள்விதான் இல்லை. வெற்றுக் கட்டத்தை நான் "இல்லை" என்று படித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு பத்தியைத் தொடுவதற்கு முன் அச்சிட்ட படிவத்தில் அந்தக் கேள்வியைத் தேடி, யாரிடமெல்லாம் கேட்கப்பட்டது என்று பென்சிலால் கோடு போடுகிறேன். தரவுக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

வருமானத்திலும் இதே வம்பு. சுயதொழில் செய்பவரிடம் கடந்த 30 நாள் வருவாய், சம்பளக்காரரிடம் போன மாதச் சம்பளம், தினக்கூலிக்காரரிடம் கடந்த 7 நாளில் ஒவ்வொரு நாளும் கிடைத்தது. மூன்றும் மூன்று அளவுகோல். இதில் 21-க்கு வருமானம் கிடையாது. நாளைக்கு 700 பீடி சுற்றும் மருமகளின் வருவாய் பூஜ்யம். 200 சுற்றும் மாமியாரின் வருவாயில் மூவரின் உழைப்பும் இருக்கிறது. "பெண் சுயதொழிலாளரின் சராசரி வருவாய்" என்று எடுத்தால் மாமியார் கெட்டிக்காரராகத் தெரிவார்.

இது தெரிந்தால், கொஞ்ச வருடமாக எல்லோரும் வாதாடும் ஒரு எண்ணையும் வேறு கண்ணோடு பார்க்கலாம். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7. கிராமத்தில் மட்டும் பார்த்தால் 24.6-இலிருந்து 47.6. ஆறே வருடத்தில் இவ்வளவா? அதே காலத்தில் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் வகையின் பங்கு 51.9-இலிருந்து 67.4 ஆகியிருக்கிறது. அதாவது ஏற்றத்தில் பெரும் பகுதி 11-உம் 21-உம்தான். நெருக்கடியில் பெண்கள் வயலுக்கும் தறிக்கும் கூடுதலாக இறங்கினார்களா, அல்லது என்னைப் போன்றவர்கள் முதல் நாள் 92 எழுதிய வீட்டில் இப்போது ஒழுங்காகத் துருவிக் கேட்கிறார்களா? இரண்டும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். எது எவ்வளவு என்று இந்தத் தரவை மட்டும் வைத்து அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. மொத்த எண்ணைப் போட்டுக் கொண்டாடுவதற்கும் திட்டுவதற்கும் முன் கோட் வாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது குறைந்தபட்ச மரியாதை.

காலத்தைப் பற்றிய குழப்பம் இன்னொன்று. வழக்கமான நிலை என்பது கடந்த 365 நாளை வைத்து. வாரநிலை என்பது கடந்த 7 நாளை வைத்து, அதில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான கணக்கெடுப்பில் வழக்கமான நிலைப்படி வேலையின்மை 4.8 சதவீதம். முந்தைய வருடம் 5.8. கொரோனா ஊரடங்கு விழுந்த வருடத்தில் வேலையின்மை குறைந்திருக்கிறதா என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். அதே கணக்கெடுப்பின் நகர்ப்புற வாரநிலை எண், 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை, 20.9 சதவீதம். இரண்டும் பொய் இல்லை. ஊரடங்கு வந்தது மார்ச் 25. வருடத்தின் பெரும்பகுதி வேலை பார்த்தவர் ஏப்ரலில் வீட்டில் முடங்கினாலும் வழக்கமான நிலையில் வேலையில் இருப்பவர்தான். போதாததற்கு, வேலை இருக்கிறது ஆனால் அந்த வாரம் போகவில்லை என்பவர்களுக்கும் தனிக் கோட் உண்டு, அவர்களும் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்படுவார்கள். இடிந்துபோன ஒரு காலாண்டைப் பார்க்க வருடக் கண்ணாடி உதவாது.

வேலையை ஓரளவு புரிந்துகொண்டேன் என்ற தைரியத்தில் குடும்ப நலன் பக்கம் போனேன். அங்கே முதல் சறுக்கல் சோம்பலால் வந்தது. பி.எல்.எஃப்.எஸ். படிவத்திலேயே வீட்டின் மாதச் செலவு என்று ஒரு கேள்வி இருந்தது. அட, வேலையும் செலவும் ஒரே கோப்பில் இருக்கிறதே, ஏழைகள் யார் என்று இதிலேயே பிரித்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். வரைபடம் போட்டதும் ஆசை போயிற்று. 5,000, 8,000, 10,000 என்று முழு எண்களில் கோபுரம் கோபுரமாக நின்றது, நடுவில் பள்ளம். ஒரே கேள்வியில் மாதச் செலவைக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். பின்னாளில் அதைச் சில துண்டுகளாகப் பிரித்துக் கேட்க ஆரம்பித்தார்கள் என்றாலும், வீட்டை மேல்-நடு-கீழ் என்று தோராயமாக வரிசைப்படுத்த மட்டுமே அதை நான் பயன்படுத்துவேன்.

செலவுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது. அதிலும் கேள்வி கேட்கும் விதம்தான் விடையைத் தீர்மானிக்கிறது என்பதை ஆலங்குளத்திலேயே பார்த்திருந்தேன். எங்கள் படிவத்தில் காய்கறிச் செலவு 30 நாளுக்கு. "நாளைக்கு ஒரு அம்பது ரூவான்னு வச்சுக்கோங்க" என்றார் மாமியார். 1,500 என்று எழுதிவிடலாம். மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஞாபகத்தில், போன ஒரு வாரத்தை நாள் நாளாகக் கேட்டேன். சந்தை நாளில் வாங்கியது, நடுவில் தெருவில் வந்த வண்டியில் வாங்கியது, மகள் வீட்டிலிருந்து ஆள் வந்த அன்று கூடுதலாக வாங்கியது, கொல்லை முருங்கை. மாதத்துக்குப் பெருக்கினால் 1,500-ஐத் தாண்டியது. 30 நாளைக் கேட்கும்போது "எப்போதிலிருந்து" என்பதே அவர்களுக்குப் பிடிபடாது. ஊரில் அம்மன் கொடை முடிந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. "கொடைக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகு பதில்கள் ஒழுங்காக வந்தன. காலண்டர் தேதியை விட இது நூறு மடங்கு மேல்.

நாட்டு அளவிலும் இதே கதைதான். 2011-12-இல் எல்லாப் பொருளுக்கும் 30 நாள் என்று கேட்டபோது கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு 1,279 ரூபாய். காய்கறி, எண்ணெய், மீன், முட்டை போன்றவற்றுக்கு 7 நாள், துணிமணி, கல்வி, வீட்டுச் சாமான்களுக்கு 365 நாள், மீதிக்கு 30 நாள் என்று கேட்டபோது 1,430. ஒரே வருடம், ஒரே நாடு. கேள்வியின் காலக்கெடு மாறியதற்கு 150 ரூபாய்.

1999-2000-இல் இந்த விஷயத்தில் பெரிய சிக்கலே ஆயிற்று. உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் அதே வீட்டில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கேட்டார்கள். ஒரு பத்தியில் எழுதியது மற்றதை இழுக்காமல் இருக்குமா? முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாமல் போய், வறுமை எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். பின்னர் நோபல் வாங்கிய ஆங்கஸ் டீட்டன், கேள்வி முறை மாறாத பொருள்களின் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு சரிக்கட்டலைச் செய்தார். 2017-18-இல் நடந்த செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகள், தரவின் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு நிறுத்திவைத்ததோடு சரி. அதனால் 2011-12-க்குப் பிறகு நமக்கு அடுத்ததாகக் கிடைத்தது 2022-23 கணக்கெடுப்புதான். கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. 1,430 எங்கே, 3,773 எங்கே என்று உடனே மலைக்க வேண்டாம். 2011-12 விலையில் போட்டால் கிராமத்துக்கு 2,008. அதையும் முழுசாக ஒப்பிட முடியாது. இம்முறை ஒரே வீட்டுக்கு மூன்று மாதத்தில் மூன்று முறை போய் உணவு, பிற செலவு, நீடித்த பொருள்கள் என்று தனித்தனிப் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். அலுப்பில்லாமல் பதில் வரும், செலவும் கூடும்.

தமிழ்நாட்டை வைத்து இந்தத் தரவைத் தொடுபவர்களுக்கு ஒரு தனிப் பொறி, ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமல் வருகிறது. நம் வீடுகளில் பல இடங்களில் ரேஷன் அரிசி இட்லிக்கு, கடை அரிசி சோற்றுக்கு. செலவு மட்டும் பார்த்தால் இட்லி ஆகாயத்திலிருந்து வந்தது போல இருக்கும். காசு கொடுத்து அரிசி வாங்கும் இன்னொரு மாநிலத்து வீடு நம் வீட்டை விட வசதியானதாகத் தெரியலாம். அதனால்தான் 2022-23-இல் இரண்டு வரிசை எண்கள் தருகிறார்கள். இலவசமாக வந்த தானியம், மிதிவண்டி, மடிக்கணினி போன்றவற்றுக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் அகில இந்தியக் கிராமத்து 3,773 ரூபாய் 3,860 ஆகும். தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு மதிப்புச் சேர்க்காமலே 5,310. எந்த வரிசை எண்ணை எடுத்தோம் என்று எழுதாமல் ஒப்பிடுபவர்கள் நிறைய. அரசு ஆஸ்பத்திரியும் அரசுப் பள்ளியும் எந்த வரிசையிலும் இல்லை. தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டும் வீடு, அரசுப் பள்ளியில் அதே படிப்பு படிக்கும் வீட்டை விட "நலமாக" இருப்பதாகக் கணக்கு சொல்லும்.

வீட்டு எடையா, ஆள் எடையா என்பதிலும் ஒருமுறை மாட்டினேன். வீடுகளைச் செலவு வாரியாகப் பத்துப் பகுதியாகப் பிரித்து, "அடிமட்டப் பத்து சதவீத மக்கள்" என்று எழுதிவிட்டேன். ஏழை வீடுகளில் ஆள் அதிகம். பத்து சதவீத வீடுகளில் பத்து சதவீதத்துக்கு மேல் மக்கள் இருப்பார்கள். வீட்டு எடையை வீட்டு ஆள் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டுப் பிரித்திருக்க வேண்டும். ஒரு வரிதான், ஆனால் அட்டவணை முழுக்க நகர்ந்துவிடும்.

கடைசியாக மாவட்ட ஆசை. தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகு, அதற்கு மட்டும் பெண்களின் வேலைவாய்ப்பு எண் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். மாவட்டக் கோட் கோப்பில் இருக்கிறது, வடிகட்டினால் எண் வந்துவிடும். வந்தது. எத்தனை மாதிரிப் பகுதிகளிலிருந்து என்று எண்ணிப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணலாம். ஒரு பகுதிக்கு 8 வீடு. அதில் பாதிப் பகுதி பீடி ஊராக அமைந்தால் ஒரு எண், இல்லாவிட்டால் வேறு எண். கொடுக்க மாட்டேன் என்றேன். "கம்ப்யூட்டர்ல வருதே மேடம்" என்றார். இரண்டு வருடத் தரவைச் சேர்த்து, தென் மாவட்டங்களை ஒன்றாக்கிக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி இல்லை.

2025 ஜனவரியிலிருந்து பி.எல்.எஃப்.எஸ். அடியோடு மாறியிருக்கிறது. மாதா மாதம் எண். கிராமத்திலும் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். பகுதிக்கு 8-க்குப் பதில் 12 வீடு. மாதிரி எடுப்பதற்கு மாவட்டமே அடிப்படை அலகு. தென்காசிக்காரருக்கு இனி ஓரளவு பதில் சொல்ல முடியலாம். என் பழைய நிரல் எதுவும் ஓடாது, எல்லா வகுத்தலையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். 2024-ஐயும் 2025-ஐயும் ஒரே கோட்டில் வரையும் வேலையையும் கொஞ்ச நாளைக்கு நான் தொடப்போவதில்லை.

புதுப் படிவம் எது வந்தாலும் முதல் நாள் தரவைத் திறப்பதில்லை. ஒரு தாளில் ஆலங்குளத்து வீட்டை வைத்து, மாமியார், மருமகள், பேத்தி மூவரையும் கேள்வி கேள்வியாகப் படிவத்தில் நடத்திக் கூட்டிப்போவேன். எந்தக் கேள்வி யாரிடம் நிற்கிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்வேன். பேத்திக்கு இப்போது கல்யாணமாகி, அதே தாலுகாவில் வேறு ஊரில் இருக்கிறாளாம். அங்கே பாஸ் யார் பெயரில் என்று நான் கேட்டதற்கு, போனில் அவள் அம்மா சொன்னார்: "அவ மாமியா பேர்லதான் டீச்சர்."